யாருடையதும் அல்லாத முகம்

படம் வெளியாகிப் பதினோரு மாதம் கழித்துத்தான், அந்த முகத்துக்குச் சொந்தக்காரி ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியவந்தது.

திருச்சி புத்தூரில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. மூக்கும் வாயும் மறையத் துணி மாஸ்க் கட்டிய ஒரு பெண் வாசலிலேயே நின்றாள்.

"ஜெசிந்தா மேடம் இருக்காகளா?"

"நான்தான். உள்ள வாங்க."

அந்தப் பெண் உள்ளே வந்து, கதவைத் தானே சாத்திவிட்டு, மாஸ்க்கைக் கழற்றினாள். ஜெசிந்தா குழாயை மூட மறந்தாள்.

இடது புருவத்தின் நுனியில் ஒரு சின்ன இடைவெளி. மேலுதட்டுக்கு மேல் மிளகளவு மச்சம். அழப்போகிறவள்போல் எப்போதும் சற்றே இறங்கியிருக்கும் கண்ணோரங்கள். மூன்று மாதம், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், எடிட்டிங் திரையில் அவள் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டிய முகம். 'வா இசக்கி' என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எதிரே நிற்பவள் இசக்கி இல்லை. இசக்கியின் முகம் வேறு. இந்த முகம் யாருடையதுமே இல்லை என்றுதான் ஜெசிந்தா அதுவரை நம்பியிருந்தாள்.

"என் பேரு வெண்ணிலா. அறந்தாங்கிப் பக்கம்" என்றாள் வந்தவள். "அந்தப் படத்துல இருக்கறது நான் இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜெசிந்தா பதினெட்டு வருடமாக ஆவணப்படம் எடுப்பவள். கொத்தடிமைகள், காவல் நிலையச் சாவுகள், நிலம் பறிபோன மீனவக் குப்பங்கள் என்று யாருக்காகவும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு காலத்தில் சாட்சி சொல்பவரின் முகத்தை மங்கலாக்கிக் குரலைக் கொஞ்சம் மாற்றினால் போதுமானதாக இருந்தது. பிறகு அந்த மங்கலை விலக்கி உண்மை முகத்தைக் கொண்டுவரும் செயலிகள் இலவசமாகவே வந்துவிட்டன. அவளுடைய கல்குவாரிப் படத்தில் மங்கலாகப் பேசிய ஒரு மனிதரை, படம் வெளியான நாலாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வீட்டுக் கூரை எரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டாலும் வலது கை மடங்கவே இல்லை. அதன் பிறகு இரண்டு வருடம் ஜெசிந்தா கேமராவைத் தொடவில்லை.

அவளுடைய எடிட்டர் அன்வர்தான் 'மறுமுகம்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தான்.

"இது மங்கலாக்காதுக்கா. முகத்தையே எடுத்துட்டு வேற முகம் வச்சிடும், குரலையும் மாத்திடும். அவங்க அழுதா இது அழும், உதடு துடிச்சா இதுக்கும் துடிக்கும். விலக்கிப் பாத்தா பின்னாடி ஒண்ணும் இருக்காது. அசல் முகத்தை அழிச்சிட்டுத்தான் இதை வைக்குது."

"அந்த வேற முகம் யாருது?"

"யாரோடதும் இல்ல. லட்சக்கணக்கான முகத்தைப் படிச்சு அதுவா உண்டாக்குறது. உண்டாக்கினதும் இணையத்துல இருக்கிற எல்லாப் படத்தோடயும் ஒப்பிட்டுப் பாக்கும். எதோடயாவது ஒத்துப் போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற செய்யும்."

அந்தத் தைரியத்தில்தான் அவள் இசக்கியம்மாளைத் தேடிப் போனாள். தென்காசிப் பக்கத்துப் பெண். பதினாறு வயதில், மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனவள். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி, வெளியே போக அனுமதி இல்லை, வாரத்துக்கு ஒரு போன். அந்த விடுதியில் சூப்பர்வைசர் என்ன செய்தான், கூட இருந்த சிறுமி ஏன் மாடியிலிருந்து குதித்தாள் என்பதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஏழு முறை போய் உட்கார்ந்த பிறகு ஜெசிந்தாவிடம் சொன்னாள். "எங்கம்மைக்குக்கூடத் தெரியாதுக்கா. எம் மூஞ்சி வெளிய வராதுன்னா பேசுதேன்" என்றாள். வராது என்று ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மறுமுகம் ஆறு முகங்களைக் காட்டியது. எதை வைத்தாலும் ஒன்றுதான் என்றான் அன்வர். ஜெசிந்தா ஒருநாள் முழுக்க யோசித்து நாலாவதைத் தேர்ந்தெடுத்தாள். "இந்தக் கண்ணைப் பாரு அன்வர். இது சொன்னா யாரும் நம்புவாங்க."

நம்பினார்கள். 'விடுதி எண் ஏழு' என்ற அந்தப் படம் ஊர் ஊராகப் போனது. கல்லூரிகளில், கல்யாண மண்டபங்களில், தெருமுனைகளில் திரை கட்டிக் காட்டினார்கள். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணைக் குழு வந்தது, சூப்பர்வைசரும் மேலாளரும் கைதானார்கள். சாட்சிக்குப் படத்தில் மலர் என்று பெயர் வைத்திருந்தார்கள். 'மலருக்கு நீதி' என்று எழுதிய சுவரொட்டிகளில் அந்த முகம் மாநிலம் முழுக்க ஒட்டப்பட்டது. படத்தின் தொடக்கத்தில், சாட்சியின் முகம் மாற்றப்பட்டது என்று ஒரு வரி ஓடும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்த முகம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது.

"பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்த போஸ்டரப் பாத்துட்டு எங்க கொழுந்தனார் பொண்டாட்டிதான் மொதல்ல சொன்னா" என்றாள் வெண்ணிலா. "அப்புறம் ஊரே படத்தப் போட்டுப் பாத்துச்சு. சில பேரு கையெடுத்துக் கும்புடுறாக மேடம். கண்டக்டரு டிக்கெட் வேணாங்குறாரு. பள்ளிக்கூடத்துல மகளிர் தினத்துக்கு வந்து பேசுங்கன்னு டீச்சர் கூப்புடுறாக. இன்னொரு பக்கம், நான் கடந்து போனதும் குசுகுசுன்னு பேசுறாக. ஆலைக்காரவுக ஆளு ரெண்டு பேரு வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுப் போனாக. எம் மக மூணாப்புப் படிக்கிறா. 'ஒன்னைய அந்த மாமா என்னம்மா பண்ணாரு'ன்னு கேக்குறா."

"நான் இல்லைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். யாரு நம்புறாக? மூஞ்சி அழுவுதே."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவுக போர்வெல் வண்டியில போறவுக. நல்லவுகதான். ஒண்ணும் கேக்கல. ஆனா பேச்சக் கொறச்சுட்டாக. அவுக அண்ணன்தான், உண்மை தெரியாம அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னுட்டாரு."

ஜெசிந்தா அன்வரைக் கூப்பிட்டாள். வந்து பார்த்தவன் அப்படியே சுவரோரம் நின்றுவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "நீங்க எங்கயுமே உங்க போட்டோவைப் போட்டதில்லையாக்கா? வேற யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்களே, கல்யாணத்துல?"

"எனக்கு போட்டோ எடுத்துக்கிறது புடிக்காது. கல்யாணப் படம்கூட ஆல்பத்துலதான் இருக்கு. வெளிய போடக் கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டேன்."

அன்வர் ஜெசிந்தாவைப் பார்த்தான். "அதான்க்கா. இணையத்துல இல்லாதவங்க அதோட கணக்குல இல்லாதவங்க. யாரோடயும் ஒத்துப் போகலைன்னு அது சொன்னப்ப நாம யாருமே இல்லைன்னு எடுத்துக்கிட்டோம்."

ஜெசிந்தா அப்போதே கடிதம் எழுதிக் கொடுத்தாள். முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, தன் தொலைபேசி எண்ணையும் எழுதினாள். வெண்ணிலா அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பத்து நாளில் வெண்ணிலாவிடமிருந்து போன் வந்தது. அவளைக் காப்பாற்றத்தான் படக்காரர்கள் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் கணவனின் அண்ணன் சிதம்பரம் சொல்லிவிட்டாராம். "அப்ப அசல் ஆளு எங்கன்னு கேக்குறாரு மேடம்."

ஜெசிந்தா அன்றிரவு தூங்கவில்லை. சுவரொட்டிகளைக் கிழித்துவிடலாம், படத்தில் முகத்தை மாற்றிப் புதிதாக வெளியிடலாம். ஆனால் ஏற்கெனவே லட்சம் பேர் போனில் இருக்கிற முகத்தை என்ன செய்வது? விடியும்போது அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வெண்ணிலாவுக்குப் போன் செய்து, அசல் பெண்ணையே அழைத்து வரட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம் மேடம்" என்றாள் வெண்ணிலா. "பாவம் அந்தப் புள்ள. லெட்டரே போதும். நாளாக நாளாக மறந்துருவாக."

"மறக்க மாட்டாங்க வெண்ணிலா. நீங்க பயப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

பயப்படுகிறாள், கூச்சப்படுகிறாள் என்றுதான் ஜெசிந்தா நினைத்தாள். ஏன் வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. கேள்வி கேட்பதே பிழைப்பாக இருந்தும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

இசக்கி தென்காசியில் ஒரு மருத்துவமனை ஸ்கேன் அறையில் உதவியாளராக இருந்தாள். கேன்டீனில் டீ ஆறிப்போகும் வரை ஜெசிந்தா சொன்னதைக் கேட்டாள்.

"நான் வாக்குக் குடுத்தது உன் முகம் வெளிய வராதுன்னு" என்றாள் ஜெசிந்தா. "அதை மீறச் சொல்லி நானே வந்து நிக்கிறேன். நீ முடியாதுன்னா நான் ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போயிடுவேன்."

இசக்கி டம்ளரைச் சுற்றிச் சுற்றி மேசையில் வட்டம் போட்டாள். "அந்த அக்காவுக்குப் பொம்பளப் புள்ள இருக்குன்னியளே, எத்தன வயசு?"

"எட்டு."

"எனக்கு வர வேண்டியதெல்லாம் அவ்வோ வாங்கிக்கிட்டிருக்காவ. நான் இங்கன நிம்மதியா டீ குடிக்கேன்." அவள் எழுந்தாள். "செவ்வாக்கெழம லீவு போடுதேன். வாரேன்க்கா. அம்மைக்கு மட்டும் தெரியக் கூடாது."

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வெண்ணிலாவின் வீட்டுக்குப் போனார்கள். ஓட்டு வீடு, முன்புறம் சிமெண்ட் தளம், ஓரத்தில் துருப்பிடித்த போர்வெல் குழாய்கள். வெண்ணிலாவின் கணவன் மாதவன் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான். அவன் அண்ணன் சிதம்பரமும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். எல்லாருடைய போன்களையும் ஒரு பையில் வாங்கிப் போட்டு வெளியே வைத்தாள் ஜெசிந்தா. பேசுவது இந்த நாலு சுவருக்குள் இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். சிதம்பரம் தலையாட்டினார். வெண்ணிலா உட்காரவில்லை. அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

இசக்கி பேசத் தொடங்கினாள். விடுதியில் விளக்கை அணைக்கும் நேரம், வார்டன் சாவிக்கொத்தின் சத்தம், குதித்த சிறுமி கடைசியாகக் கேட்ட தண்ணீர். படத்தில் சொன்ன அதே சொற்கள்கூட இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதும், கட்டைவிரல் நகத்தால் ஆட்காட்டி விரலைக் கீறுவதும், சொல்ல முடியாத இடம் வரும்போது தாடையைத் தூக்குவதும் அப்படியே இருந்தன. சிதம்பரத்தின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். படத்தைப் பலமுறை பார்த்தவர்கள் அவர்கள். முகம் வேறானாலும் பேசுகிறவள் இவள்தான் என்பது அங்கே எல்லாருக்கும் விளங்கியது. கடைசியில் ஜெசிந்தா, தான் மட்டும் வைத்திருந்த மாற்றப்படாத பதிவில் அரை நிமிடம் மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

சிதம்பரம் எழுந்து இசக்கியைக் கும்பிட்டார். "எங்க கொலதெய்வமா வந்து எங்க மானத்தக் காப்பாத்துன தாயி." பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார். "வெண்ணிலா, இப்படி முன்னால வா. நானும் மனசு ஆறிப் போறேன். நீ எந்த மில்லுலயும் இருந்ததில்ல. இதெல்லாம் ஒனக்கு நடந்ததில்ல. அப்படித்தான? ஒன் வாயால ஒருதரம் சொல்லிரு."

"அண்ணே, அதான் தெரிஞ்சிருச்சே, விடுண்ணே" என்றான் மாதவன்.

"சொல்லட்டும்டா. நாளைக்கு நாலு பேருக்கு நான் பதில் சொல்லணுமில்ல?"

வெண்ணிலா முன்னால் வந்தாள். இசக்கியைப் பார்த்தாள். இசக்கி அவளைப் பார்த்துத் தைரியம் சொல்வதுபோல் லேசாகச் சிரித்தாள்.

"நான் எந்த மில்லுக்கும் போனதில்ல" என்றாள் வெண்ணிலா. "எனக்கு ஒண்ணும் நடக்கல."

ஜெசிந்தா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்படி அழும், எப்படித் தயங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அத்தனையும் இசக்கியின் அழுகை, இசக்கியின் தயக்கம். இந்த முகம் தனக்கென்று என்ன செய்யும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். அது எதுவுமே செய்யவில்லை. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்ட வீடுபோல் இருந்தது.

சாப்பாடு போட்டார்கள். சிதம்பரம் முதல் ஆளாக உட்கார்ந்து அந்த வீட்டில் கை நனைத்தார். மாதவன் மனைவியின் தட்டில் தானே பொரியல் எடுத்து வைத்தான். இசக்கி சிதம்பரத்தின் மனைவியோடு மருத்துவமனைக் கதை பேசிக்கொண்டிருந்தாள். கை கழுவப் பின்பக்கம் போன ஜெசிந்தாவின் பின்னால் வெண்ணிலா சொம்போடு வந்தாள். தண்ணீர் ஊற்றினாள்.

"இனி நிம்மதியா இருங்க வெண்ணிலா" என்றாள் ஜெசிந்தா.

"அவினாசிப் பக்கம் ஒரு மில்லு மேடம்" என்றாள் வெண்ணிலா. குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. "ரெண்டு வருசம். கோயம்புத்தூருல சித்தி வீட்டுல புள்ளைகளப் பாத்துக்கிட்டேன்னு இங்க சொல்லியிருக்கு. அந்தப் புள்ள சொன்னது அம்புட்டும் எனக்கும் நடந்துச்சு. வேற ஆளு, வேற விடுதி, அம்புட்டுத்தான் வித்தியாசம். அங்க ஒருத்தன் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு மெரட்டுவான். அதுலேருந்து நான் எந்தப் போட்டோவுக்கும் நிக்கிறதில்ல."

சொம்பு காலியாகியிருந்தது. ஜெசிந்தா கையை நீட்டியபடியே நின்றாள்.

"ஒங்க படத்த நான் மூணு தரம் பாத்தேன். எம் மூஞ்சி பேசுது. நான் பேசணும்னு நெனச்சதெல்லாம் பேசுது. சில நேரம் நாந்தான் பேசுறேனோன்னு இருந்துச்சு. ஆனா நான் பேசலையே மேடம். யாருகிட்டயும் சொல்லிக்கிறதில்லன்னு நானா ஒரு முடிவு எடுத்து வச்சிருந்தேன். என்னைக்காவது அவுககிட்ட மட்டும் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குன்னு ஒரு நாளு வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மாதவன் எதற்கோ சத்தமாகச் சிரித்தான். "இதுவரைக்கும் நான் சொல்லாமத்தான் இருந்தேன். பொய் சொன்னதில்ல. இன்னைக்கு எனக்கு ஒண்ணும் நடக்கலன்னு எம் வாயாலயே சொல்ல வச்சுட்டீக. இனிமே அவுககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

"என்னை மன்னிச்சிடுங்க" என்று ஜெசிந்தா ஏதோ சொல்லப் போனாள்.

"நீங்க நல்லதுதான் நெனச்சீக. அதான் ஒங்களத் திட்டவும் முடியல." வெண்ணிலா சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "அந்தப் புள்ளகிட்ட மட்டும் சொல்லிராதீக. எனக்காக அம்புட்டுத் தூரம் வந்துருக்கு."

வாசலில் வழியனுப்பும்போது சிதம்பரம் பக்கத்து வீட்டுக்காரரிடம், "அசல் பொண்ணு தென்காசிக்காரவுகளாம்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா திரும்பிப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இசக்கியைக் கொண்டுபோய் விட ஜெசிந்தாவும் மதுரை பஸ்ஸில் ஏறினாள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அன்வரிடமிருந்து செய்தி வந்திருந்தது: படத்துக்கு இன்னொரு ஊரில் விருது, வாங்க வருவீர்களா என்று கேட்கிறார்கள். ஜெசிந்தா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். எந்த முகத்தை மாற்றினாலும் எந்தப் பதிவை அழித்தாலும், அடுக்களைக் கதவிலிருந்து நாலடி முன்னால் வந்து சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களை இனித் திரும்ப எடுக்க முடியாது. கேமராவே இல்லாத ஒரு வீட்டில், அவள் ஒரு பெண்ணைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டு வந்திருந்தாள்.

இசக்கி காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். காலையில் இருந்த இறுக்கம் அவள் முகத்தில் இல்லை.

"வரும்போது பாதி வழியில திரும்பிப் போயிருவமான்னு இருந்துச்சுக்கா. இப்பம் லேசா இருக்கு. நமக்கு நடந்தத வச்சு இன்னொருத்திக்கு ஒரு நல்லது பண்ண முடிஞ்சதுன்னா, அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குல்லா?" பிறகு, கொஞ்சம் சந்தேகம் வந்தவள்போல, "அந்த அக்காவுக்கு நான் வந்தது ஒதவுச்சுல்லாக்கா?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. அவளுடைய கண்களையே பார்த்துச் சொன்னாள்.

"ஒதவுச்சு இசக்கி. ரொம்ப ஒதவுச்சு."

இசக்கி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை ஜெசிந்தாவின் உள்ளங்கையில் கொட்டினாள். காரைக்குடி தாண்டியும் அந்தப் பாதியை ஜெசிந்தாவால் தின்று முடிக்க முடியவில்லை.